மரகோலி ஊர்களில் பணிசெய்யப் போகிறவர்களுக்கு: யாரிடம் போவது, எப்படிப் பேசுவது

மேற்குக் கென்யாவின் விஹிகா கவுண்டியில், அதாவது விஹிகா மாவட்டத்தில், வாழும் மரகோலி மக்களிடையே கள ஆய்வுக்கோ, ஆசிரியர் பணிக்கோ, குடிநீர், மருத்துவம் போன்ற ஊர்ப்பணிக்கோ போகிறவர் அங்கே இறங்கியதும் கேட்கிற முதல் கேள்வி, இந்த ஊருக்குத் தலைவர் யார் என்பதாகத்தான் இருக்கும். யாரேனும் ஒரு பெயரைச் சொல்வார்கள். அந்த ஒருவரைப் பார்த்துக் கையெழுத்து வாங்கிய கையோடு வேலையைத் தொடங்கினால், சில வாரங்களில் காரணம் பிடிபடாமலேயே வேலை நின்றுபோகக்கூடும். மரகோலி ஊர்களில் சொல் செல்லுபடியாகும் இடம் ஒன்றல்ல. குலத்து மூத்தோர், அரசு நியமித்த சீஃப், அவருக்குக் கீழே ஊரைக் கவனிக்கும் லிகுரு, திருச்சபை, பெண்கள் குழுக்கள் என்று பல இடங்களில் அது பகிர்ந்து கிடக்கிறது. ஒவ்வோரிடத்திலும் முறைப்படி போய் உட்கார்ந்து, எல்லோரும் பேசி முடித்தபின் உருவாகிற இசைவைப் பெற்றுக்கொள்வது எப்படி என்பதைச் சொல்வதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

இப்படிப் பகிர்ந்து கிடப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. மரகோலி மக்கள் தங்களை அவலோகோலி என்று அழைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் பேசும் மொழி லுலோகோலி. லுஹ்யா என்னும் பெரிய இனத்தொகுதியில் அடங்கும் பல மக்களுள் இவர்களும் ஒரு பிரிவினர். முலோகோலி என்னும் மூதாதையின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களின் மரபு. அவருடைய புதல்வர்களான முசாலி, கிசுங்கு, கிரிமா, மாவி ஆகிய நால்வரின் பெயரால் அவசாலி, அவகிசுங்கு, அவகிரிமா, அவமாவி என்ற பெருங்குலங்கள் அமைந்தன. அவற்றுக்குள் கிளைகள் பல. இத்தனை குலங்களுக்கும் மேலே முடிசூடிய அரசர் எவரும் இருந்ததில்லை. வடக்கே மூமியாஸ் பகுதியின் வாங்கா மக்களுக்கு நபோங்கோ என்ற அரசர் உண்டு. மரகோலியரிடம் அப்படியொரு பதவி வளரவில்லை. பேச்சுத் திறமும் நடுநிலையும் உடையவர் என்று அக்கம்பக்கத்தார் ஏற்றுக்கொண்ட மூத்தவர்களே வழக்குகளைக் கேட்டார்கள், சண்டைகளை நிறுத்தினார்கள், வேள்விகளுக்கு நாள் குறித்தார்கள். ஆங்கிலேயர் ஆட்சிதான் சீஃப் என்ற பதவியை மேலிருந்து நியமித்து, வரி வசூலையும் ஆள் திரட்டலையும் அதன் கையில் கொடுத்தது. 1963இல் விடுதலை பெற்ற பின்னும் அந்தப் பதவி அரசு ஊழியமாகவே தொடர்கிறது. ஆகவே இன்று ஓர் ஊரில் சீஃபின் சொல்லுக்கு ஒரு வகை மதிப்பும், குலத்து மூத்தவரின் சொல்லுக்கு வேறு வகை மதிப்பும் இருப்பதைக் காணலாம். ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது.

இன்னொன்றையும் மனத்தில் இருத்த வேண்டும். 2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விஹிகா கவுண்டியில் 5,90,013 பேர் இருந்தார்கள். சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். ஒரு குடும்பத்தின் நிலம் சராசரியாக ஓர் ஏக்கர் அளவே இருக்கும். இத்தனை நெருக்கத்தில், நீங்கள் ஒரு குழாயைப் பதித்தாலும் ஒரு கொட்டகை போட்டாலும் அது யாரோ ஒருவருடைய வரப்பைத் தொடும். இசைவு பெறாமல் எதையும் செய்ய முடியாததற்கு மரபு மட்டுமல்ல, இந்த நில நெருக்கடியும் காரணம்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

ஆய்வுக்காகப் போகிறவர் தேசிய அறிவியல், தொழில்நுட்பம், புத்தாக்க ஆணையத்தின் உரிமத்தைப் பெற்றிருக்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டு, கிசுமுவிலிருந்து ககமேகா போகும் நெடுஞ்சாலையில் உள்ள எம்பாலே நகருக்குச் செல்லுங்கள். கவுண்டியின் தலைமையிடம் அதுதான். உகாண்டாவில் இதே பெயரில் பெரிய நகரம் ஒன்று இருப்பதால், பயணச்சீட்டு எடுக்கும்போதும் கடிதத்தில் முகவரி எழுதும்போதும் விஹிகாவைச் சேர்த்துச் சொல்லுங்கள். கவுண்டி ஆணையர் அலுவலகத்திலும் கல்வி அலுவலகத்திலும் உங்கள் வருகையைப் பதிவுசெய்துவிட்டு, அங்கிருந்து படிப்படியாகக் கீழே இறங்கி சீஃப், உதவி சீஃப் வரை போக வேண்டும். மரகோலி மக்கள் மிகுதியாக வாழ்வது விஹிகா, சபாத்தியா ஆகிய இரண்டு தொகுதிகளில். ஹமிசி, லுவாண்டா, எமுஹாயா ஆகிய தொகுதிகளில் திரிகி, பான்யோரே மக்களே மிகுதி. அவர்களுக்கு வேறு மரபுகள் உண்டு என்பதால், இங்கே கற்றதை அங்கே அப்படியே பயன்படுத்த வேண்டாம்.

ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒவ்வொரு பள்ளியிலும் வருகையாளர் பேரேடு ஒன்று இருக்கும். பெயர், ஊர், வந்த நோக்கம் ஆகியவற்றைப் பொறுமையாக எழுதிக் கையெழுத்திடுங்கள். அவசரத்தில் அதைத் தள்ளிவிட்டுப் போகிறவரை மறைவாக எதையோ செய்ய வந்தவர் என்று நினைக்க இடமுண்டு. பிற்பாடு ஏதேனும் கேள்வி எழுந்தால், அந்தப் பேரேட்டில் உள்ள ஒரு வரியே உங்களுக்குச் சாட்சி.

உதவி சீஃபைப் பார்த்ததும் காரியம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். அவரிடம், எங்களை லிகுருவிடம் அனுப்புங்கள் என்று கேளுங்கள். லிகுரு அந்தச் சிற்றூரிலேயே வாழ்கிற மூத்தவர். எந்த வீட்டில் நோய், எந்த வீட்டில் பங்காளிச் சண்டை, எந்தக் குடும்பம் மற்றொரு குடும்பத்தோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்தப் பகுதியில் எந்தெந்தக் குலங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் யார் பேசினால் மற்றவர்கள் கேட்பார்கள் என்பதை அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே குலத்தாரை மட்டும் அவர் சொல்கிறார் என்று பட்டால், வேறொரு குலத்து மூத்தவரிடமும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

வீட்டுக்குள் நுழையும் முறை

வாசலில் நின்று “ஹோடி” என்று குரல் கொடுங்கள். உள்ளிருந்து “கரிபு” என்று அழைப்பு வந்தபின் நுழையுங்கள். இவை இரண்டும் சுவாஹிலி மொழிச் சொற்கள், எல்லோரும் புழங்குபவை. லுலோகோலியில் “மிரெம்பே” என்று, அமைதியை வாழ்த்தி, வணக்கம் சொன்னால் முகங்கள் மலரும். அங்கிருக்கிற எல்லோருக்கும், வயதில் மூத்தவர் தொடங்கி, கை கொடுக்க வேண்டும். ஒருவரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போவது அவமதிப்பாகும். மூத்தவருக்குக் கை கொடுக்கும்போது வலது முன்கையை இடது கையால் தாங்கிக்கொள்வது பணிவைக் காட்டும். பாட்டனார் வயதுள்ளவரை குகா என்றும், பாட்டி வயதுள்ளவரை குகு என்றும் அழைப்பது அவர்களுக்குப் பிடிக்கும். பிள்ளை பெற்ற பெண்ணைப் பெரும்பாலும் இன்னாருடைய தாய் என்று பிள்ளையின் பெயரோடு சேர்த்து அழைப்பார்கள். நீங்களும் அப்படியே அழையுங்கள்.

உட்காரச் சொன்ன இடத்தில் உட்காருங்கள். நலம் விசாரிப்பு முடியுமுன் வந்த காரியத்தைத் தொடங்க வேண்டாம். பயணம், மழை, பயிர், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே உங்களை எடைபோடும் நேரம். பால் கலந்த தேநீர் வரும்; ஒரு வாயாவது குடியுங்கள். உணவு வேளையாக இருந்தால் வுச்சிமா என்கிற மக்காச்சோளக் களியும் கீரையும் வரும். அந்தக் கீரைகளுள் மணத்தக்காளியும் நல்வேளையும் தட்டைப்பயற்றின் இலையும் இருப்பதால், தமிழர் நாக்குக்கு அவற்றின் கசப்பு பழகியதாகவே இருக்கும். விருந்தினருக்குக் கோழி அடிப்பது பெரிய மரியாதை. கோழியின் இரைப்பையை வீட்டுத் தலைவருக்கென்று எடுத்துவைக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு. தட்டில் அது இருந்தாலும், உங்களுக்கென்று எடுத்துக் கொடுத்தாலன்றி நீங்களாக எடுக்க வேண்டாம். அன்பளிப்பாகச் சர்க்கரை, தேயிலைத்தூள், ரொட்டி, சோப்பு ஆகியவற்றைக் கொண்டுபோகலாம். மதுவைக் கொண்டுபோகவே வேண்டாம். குவேக்கர் என்னும் கிறித்தவச் சபையார் உள்ளிட்ட பல சபையினர் அதை ஏற்பதில்லை.

மாமியாருக்கும் மருமகனுக்கும், மாமனாருக்கும் மருமகளுக்கும் இடையே விலகி நிற்கும் மரியாதை ஒன்று இங்கே உண்டு. அவர்கள் ஒரே இருக்கையில் நெருங்கி உட்காருவதில்லை. கை கொடுத்துக்கொள்வதையும் தவிர்ப்பார்கள். பயிற்சி வகுப்பிலோ புகைப்படத்திலோ வெளியூரார் இதை அறியாமல் இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டால், எதிர்த்துப் பேசாமல் அவர்கள் நெளிவார்கள், அடுத்த முறை வரமாட்டார்கள். இருக்கைகளை நீங்கள் ஒதுக்காமல், வருகிறவர்களே தேர்ந்துகொள்ள விடுங்கள். மணமான மகனுடைய வீட்டில் தந்தை இரவு தங்குவதைப் பல குடும்பங்கள் தவிர்க்கின்றன என்பதையும், தங்குமிடம் ஏற்பாடு செய்யும்போது நினைவில் கொள்ளுங்கள். பாட்டனாருக்கும் பேரப்பிள்ளைக்கும் இடையே இத்தகைய கட்டுப்பாடு இல்லை. அவர்கள் கேலி பேசிச் சிரிப்பதைப் பார்த்து, மற்ற உறவுகளிலும் அப்படிப் பேசலாம் என்று எண்ணிவிடக் கூடாது.

திருமணத்தில் சொந்தக் குலத்துக்குள்ளும் தாயின் குலத்துக்குள்ளும் பெண் எடுப்பதில்லை. அதனால் ஒவ்வொரு வீடும் வேறு குலங்களோடு கொள்வினை கொடுப்பினையால் கட்டுண்டு இருக்கிறது. பெண்ணுக்கு ஈடாக மணமகன் வீட்டார் மாடுகள் கொடுப்பது மரபு; இன்று அதில் பணமும் கலந்திருக்கிறது. அந்தப் பேச்சுவார்த்தையில் அத்தையாகிய செங்கேவும் தாய்மாமனாகிய கோசாவும் தங்களுக்குரிய இடத்தில் இருந்து பேசுவார்கள். நீங்கள் ஒரு குடும்பத்தோடு ஒப்பந்தம் செய்யும்போது, இந்த உறவினரின் பேச்சும் உள்ளே வரும் என்று எதிர்பாருங்கள்.

ஊர்க்கூட்டம்

சீஃப் அல்லது உதவி சீஃப் கூட்டுகிற பொதுக்கூட்டத்துக்கு பராசா என்று பெயர். மரத்தடியிலோ பள்ளி மைதானத்திலோ அது நடக்கும். அறிவித்த நேரத்துக்கு நீங்கள் வந்துவிடுங்கள், ஆனால் கூட்டம் கூடும் வரை காத்திருக்கத் தயாராக இருங்கள். கூட்டம் ஜெபத்தோடு தொடங்கும். பிறகு வந்திருக்கிற ஒவ்வொருவரையும் பதவி வரிசையில் பெயர் சொல்லி வரவேற்பார்கள். நீங்கள் பேச எழும்போதும் அதே வரிசையில் சீஃப், மூத்தோர், சபை ஊழியர், ஆசிரியர், தாய்மார், இளைஞர் என்று எல்லோரையும் குறிப்பிட்டுவிட்டே பேசத் தொடங்க வேண்டும். இதைச் சுருக்க நினைப்பது தவறு. யாரைக் குறிப்பிட மறந்தீர்களோ அவர் உங்கள் காரியத்தைத் தன் காரியமாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

நோக்கம், கால அளவு, பணம் எங்கிருந்து வருகிறது, ஊருக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பவற்றை எளிய சொற்களில் சொல்லிவிட்டு உட்காருங்கள். பிறகு மூத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து பேசுவார்கள். முன்பு எப்போதோ வந்துபோன ஒரு திட்டத்தைப் பற்றியோ, உங்கள் பொருளோடு தொடர்பில்லாததுபோல் தோன்றும் ஒரு நிலவழக்கைப் பற்றியோ அவர்கள் பேசக்கூடும். அதைக் குறுக்கே வெட்ட வேண்டாம். உங்கள் திட்டத்தை எந்தப் பழைய அனுபவத்தோடு சேர்த்து அவர்கள் பார்க்கிறார்கள் என்பது அந்தப் பேச்சில்தான் தெரியவரும். எல்லோரும் பேசியபின் ஒரு மூத்தவர் எழுந்து, பேசப்பட்டவற்றைத் தொகுத்து, இன்னின்னபடி நாம் எண்ணுகிறோம் என்பார். மறுப்பு எழாவிட்டால் அதுவே முடிவு. மறுப்பு எழுந்தால் இன்னொரு நாள் கூடுவார்கள். கை தூக்கச் சொல்லி வாக்கெடுப்பு நடத்தும்படி நீங்கள் கேட்காதீர்கள். பத்துப் பேர் தோற்றார்கள் என்று அன்று தெரிந்துவிட்டால், அந்தப் பத்துப் பேரும் பிறகு உங்கள் வேலைக்கு வெளியே நின்றுவிடுவார்கள்.

கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு வழிச்செலவு கொடுப்பதாக இருந்தால், தொகையை லிகுருவோடு பேசி முன்கூட்டியே முடிவுசெய்து, எல்லோருக்கும் ஒரே அளவாக, எல்லோரும் பார்க்கும்படி கொடுங்கள். மூத்தவர் ஒருவருக்குத் தனியே உறையில் வைத்துக் கொடுப்பது, நல்லெண்ணத்தோடு செய்தாலும், அவருடைய நடுநிலையைக் கெடுத்துவிடும்.

திருச்சபையின் இடம்

1902இல் அமெரிக்காவிலிருந்து வந்த குவேக்கர் ஊழியர்கள் மூவர் பக்கத்துத் திரிகிப் பகுதியில் உள்ள கைமோசியில் தங்கள் பணியைத் தொடங்கினார்கள். மரகோலிப் பகுதியின் விஹிகாவில் எமரி ரீஸ், அவர் மனைவி டெபோரா ஆகியோரின் பணி வேரூன்றியது. ஜோவல் லிட்டு என்னும் மரகோலியரின் துணையோடு புதிய ஏற்பாடு லுலோகோலியில் 1925இல் வெளிவந்தது, முழு வேதாகமம் 1951இல் வந்தது. 1946இல் இப்பகுதிக் குவேக்கர்களின் சபை அமைப்பான கிழக்காப்பிரிக்க ஆண்டுக்கூட்டம் தனியே நிறுவப்பட்டது. உலகில் குவேக்கர் மிகுதியாக வாழும் நாடு இன்று கென்யாதான். பெந்தெகொஸ்தே சபைகளும் இரட்சணிய சேனையும் ஆப்பிரிக்கர் தாமே நிறுவிய சபைகளும் இதே ஊர்களில் உண்டு.

குவேக்கர் நிருவாகக் கூட்டத்தில் வாக்கெடுப்பு கிடையாது. எல்லோரும் பேசுவதைக் கேட்டு, இடையிடையே மௌனமாக அமர்ந்து, கூட்டத்தின் எண்ணம் இதுவென்று கூட்டச் செயலர் எழுதி, அங்கேயே உரக்கப் படித்துக் காட்டுவார். ஒப்புதல் கிடைத்தபின்தான் அது பதிவாகும். மூத்தோர் கூட்டத்தின் பழைய வழக்கத்தோடு இது எவ்வளவு இயல்பாகப் பொருந்தியிருக்கிறது என்பதைப் பார்த்தால், இந்தச் சபை இங்கே இவ்வளவு ஆழமாகப் பதிந்ததில் வியப்பில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்கள் பணிக்கும் இந்த முறையையே பின்பற்றலாம்: கூட்டம் கலையுமுன், என்ன முடிவானது என்று லுலோகோலியிலோ சுவாஹிலியிலோ எழுதி, உரக்கப் படித்து, திருத்தம் கேட்டு, பிறகு கையெழுத்து வாங்குங்கள். வேறெந்த ஒப்பந்தத் தாளையும்விட அப்படி எல்லோர் காதிலும் விழுந்த ஒரு பக்கத்துக்கு வலிமை அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உங்களை எழுந்து அறிமுகம் செய்துகொள்ளச் சொல்வார்கள். சுருக்கமாகப் பேசுங்கள், நீங்கள் வேறு சமயத்தவராக இருந்தால் அதை மறைக்கத் தேவையில்லை. சபையின் பெண்கள் சங்கத் தலைவியைத் தனியே சந்திக்க நேரம் கேட்பதற்கும் அதுவே தக்க இடம்.

துக்க வீடு

மரகோலி ஊரின் தலைமை முழுவதையும் ஒரே இடத்தில் காண வேண்டுமானால் துக்க வீட்டுக்குப் போக வேண்டும். ஊரில் ஓர் இறப்பு நேர்ந்தால் உங்கள் கூட்டத்தை, யாரும் கேட்குமுன், நீங்களே தள்ளிவையுங்கள். இறந்தவரின் வீட்டுக்குப் போய் மூத்தவர்களுக்குக் கை கொடுத்து, சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருங்கள். அடக்கத்துக்கென்று ஒரு குழு உடனே அமைந்திருக்கும். அதற்குத் தலைவர், செயலர், பொருளாளர் உண்டு. பொருளாளரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். அதில் உங்கள் பெயரும் தொகையும் பதிவாகும், பிறகு உரக்கப் படிக்கப்படும். நைரோபி, மிகோரி போன்ற வெளியூர்களில் இருக்கிற உறவினர் எம்-பெசா என்னும் கைப்பேசிப் பணப்பரிமாற்றம் வழியாக அனுப்புகிற பணமும் அதே நோட்டில் ஏறும். உங்கள் வசதிக்கேற்ற, ஆனால் மற்றவர்களை வெட்கப்படுத்தாத ஒரு தொகையைக் கொடுங்கள். எவ்வளவு தகும் என்பதை லிகுரு சொல்வார்.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து, இரவு முழுதும் விழித்துப் பாடி, மறுநாள் சொந்த வீட்டு வளாகத்திலேயே அடக்கம் செய்வார்கள். எங்கே வாழ்ந்தாலும் சொந்த மண்ணில் அடக்கமாக வேண்டும் என்பதில் பெரும்பாலோர் உறுதியாக இருக்கிறார்கள். அன்று பேசுகிறவர்களின் வரிசை நீளமானது: பிள்ளைகள், உடன்பிறந்தார், குலத்தார், சம்பந்திகள், உடன் பணியாற்றியவர்கள், சபையார், அரசு அலுவலர்கள். இந்த வரிசையைக் கவனித்து எழுதிக்கொண்டால், எத்தனை நேர்காணல் நடத்தினாலும் கிடைக்காத ஊர் அமைப்பு உங்களுக்குப் புரியும். துக்க வீட்டில் ஒலிப்பதிவுக் கருவியை எடுப்பதும், கேட்காமல் படம் பிடிப்பதும் கூடவே கூடாது.

அடக்கத்துக்குச் சில நாள் கழித்து லோவேகோ என்னும் சடங்கு உண்டு. நெருங்கிய உறவினர் தலைமுடியை மழித்துக்கொள்வார்கள். குலத்து மூத்தோர் வளாகத்தில் கூடி அமர்வார்கள். இறந்தவருக்கு யார் கடன்பட்டிருக்கிறார்கள், அவர் யாருக்குக் கடன்பட்டிருந்தார், யாரிடம் விட்ட மாடு எங்கே நிற்கிறது என்று வெளிப்படையாகக் கேட்பார்கள். கூட்டத்திலிருந்து ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள், மற்றவர்கள் ஆமென்றோ இல்லையென்றோ சாட்சி கூறுவார்கள். கைம்பெண்ணின் நிலை, பிள்ளைகளின் படிப்பு, நிலப் பங்கீடு ஆகியவையும் அங்கேதான் பேசப்படும். சபைப் பற்று மிகுந்த சில குடும்பங்களில் முடி மழிப்பது இல்லாமல் ஜெபக்கூட்டமாக இது நடந்தாலும், கணக்குத் தீர்க்கும் பேச்சு விடுபடுவதில்லை. உங்கள் திட்டம் இறந்தவருக்குக் கூலியோ வாடகையோ பாக்கி வைத்திருந்தால், அல்லது உங்கள் கருவி எதுவும் அவரிடம் இருந்தால், பின்னால் கடிதம் எழுதிக் கேட்காமல், இந்தக் கூட்டத்திலேயே எழுந்து சொல்லித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

நிலம், பெண்கள், அரசியல்

நில எல்லைத் தகராறுகளை மூத்தோர் நேரில் நடந்து பார்த்து, பழைய சாட்சிகளைக் கேட்டுத் தீர்க்கிறார்கள். கென்யாவின் 2010 அரசமைப்புச் சட்டம், 159ஆம் பிரிவில், இத்தகைய மரபுவழித் தீர்வு முறைகளை ஊக்குவிக்கச் சொல்கிறது. அதே பிரிவு, அவை அடிப்படை உரிமைகளுக்கு மாறாக இருக்கக் கூடாது என்றும் வரம்பு கட்டுகிறது. மரபுப்படி நிலம் ஆண்மக்களுக்கே போய்வந்தது. சட்டப்படி மகளுக்கும் மனைவிக்கும் உரிமை உண்டு; குடும்ப நிலத்தை விற்கவோ மாற்றவோ கணவன் அல்லது மனைவியின் ஒப்புதல் வேண்டும். ஆகவே நிலம் தொடர்பான எந்த ஏற்பாட்டிலும் மூத்தோரின் இசைவோடு, அந்த வீட்டுப் பெண்ணின் இசைவையும் தனியே, ஆண்கள் இல்லாத நேரத்தில் கேட்டுப் பெறுங்கள். பொதுக்கூட்டத்தில் பெண்கள் பேசாமல் இருந்தால் அவர்களுக்குக் கருத்தில்லை என்று பொருளல்ல. சேமிப்புக் குழுக்களிலும் சபைச் சங்கத்திலும் அவர்கள் கணக்கு எழுதி, கடன் கொடுத்து, தவணை வசூலித்து, உறுதியான தலைமை நடத்துகிறார்கள். உங்கள் திட்டத்தில் பொருளாளர் ஒருவர் தேவையென்றால் அந்தக் குழுக்களில்தான் முதலில் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அரசியலில் இருந்து விலகி நில்லுங்கள். சபாத்தியாவைச் சேர்ந்த முசாலியா முதாவாடி 2022 முதல் நாட்டின் முதன்மை அமைச்சரவைச் செயலராக இருக்கிறார். அவருடைய தந்தை மோசஸ் முதாவாடியும் அமைச்சராக இருந்தவர். இந்தப் பெயர்களைப் பற்றி ஊரில் பெருமிதமும் உண்டு, கருத்து வேறுபாடும் உண்டு. கவுண்டி அளவில் மூத்தோர் மன்றம் என்ற பெயரில் அறிக்கை விடுகிறவர்களின் ஆதரவு கிடைத்தால் மகிழுங்கள். ஆனால் அதை ஒரு சிற்றூரின் இசைவாகக் கொள்ளாதீர்கள். டிசம்பர் 26 அன்று எம்பாலேயில் நடக்கும் மரகோலி பண்பாட்டு விழாவுக்கு அழைத்தால் போய் வாருங்கள். வெளியூர்களில் வாழும் மரகோலியர் பலர் அப்போது ஊர் திரும்புவதால், பார்க்க வேண்டியவர்களைப் பார்க்க அது நல்ல நேரம்.

பணி முடிந்ததும், தொடங்கியபோது யார் யாரிடம் போனீர்களோ அவர்களிடம் எல்லாம் மீண்டும் போங்கள். இம்முறை லிகுருவிலிருந்து தொடங்கி மேலே போகலாம். பராசா ஒன்றைக் கூட்டச் செய்து, கண்டறிந்ததையும் செலவான பணத்தின் கணக்கையும் அவர்கள் மொழியில் படித்துக் காட்டுங்கள். அறிக்கையின் படி ஒன்று சீஃப் அலுவலகத்திலும், ஒன்று பள்ளியிலும், ஒன்று பெண்கள் குழுவிடமும் இருக்கட்டும். உங்கள் தொலைபேசி எண்ணை அடக்கக் குழுப் பொருளாளரிடமும் லிகுருவிடமும் கொடுத்துவிட்டு வாருங்கள். ஊரில் உங்களோடு பழகிய மூத்தவர் ஒருவர் காலமானால் செய்தி வரும், அப்போது நீங்கள் அனுப்புகிற தொகையும் அந்த நோட்டில் உங்கள் பெயரில் ஏறும்.